உணர்வு ஒன்றே படைத்தவனுக்குச் சான்றாகுமா?

தாராசுரத்திலும் கும்பகோணத்திலும் அரசலாற்றங்கரைச் சிற்றூர்களிலும் சைவ சித்தாந்தம் பயின்றுவரும் இளைய அன்பர்களுக்கு,



வார நாட்களில் கல்லூரியில் பௌதிகமும் உயிரியலும் கற்று, விடுமுறை நாட்களில் மெய்கண்ட சாத்திரங்களைப் பாடங் கேட்க வந்தமரும் உங்களிடையே, அண்மைக் காலமாக ஒரு வாதம் மிகுந்த செல்வாக்குப் பெற்றுவருவதைக் கவனித்து வருகிறேன். மனிதனுக்கு உணர்வு இருக்கிறது; மண்ணும் நீரும் தீயும் காற்றுமாகிய ஜடப் பொருள்கள் எத்தனை விதமாகக் கூடினாலும் அவற்றிலிருந்து உணர்வு பிறக்க முடியாது; ஆகவே, பேருணர்வுடைய ஒருவனே இந்தப் பிரபஞ்சத்தைப் படைத்து, மனிதனுக்குள் உணர்வையும் ஆக்கி வைத்திருக்க வேண்டும் என்பது அவ்வாதம். கடவுளை மறுக்கும் நண்பர்களின் வாயை அடைப்பதற்கு இதைக்காட்டிலும் கூரிய ஆயுதம் வேறில்லை என்று உங்களுள் சிலர் மகிழ்வோடு சொல்லக் கேட்டேன். இறைவனிடத்தில் முழு நம்பிக்கை உடையவனாகிய நான், அந்த நம்பிக்கையின் பொருட்டே, இவ்வாதத்தைக் கைவிடுமாறு உங்களை வேண்டிக்கொள்ள இம்மடலை வரைகிறேன். உலகத்திற்குக் கர்த்தா உண்டு என்ற முடிபை நான் மறுக்கவில்லை. அந்த முடிபுக்கு உணர்வைச் சான்றாகக் காட்டும் வழி உறுதியற்றது என்பதும், நம் ஆசிரியர்களே அவ்வழியை வேண்டாவென்று ஒதுக்கிச் சென்றார்கள் என்பதுமே நான் சொல்ல வந்தவை.

ஒரே மூச்சில் சொல்லப்படுவதனால் இவ்வாதம் ஒரே வாதம்போலத் தோன்றுகிறதேயன்றி, உண்மையில் அது தனித்தனியே நிறுவப்பட வேண்டிய மூன்று கூற்றுக்களின் கோவை. உணர்வு என்று ஒன்று உண்டு என்பது முதலாவது. அது ஜடத்தின் விளைவு அன்று என்பது இரண்டாவது. ஜடத்தின் விளைவு அன்றாயின் அது ஒரு கர்த்தாவினால் படைக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும் என்பது மூன்றாவது. முதற்கூற்றை ஒப்புக்கொண்டவன் இரண்டாவதையும் ஒப்புக்கொண்டவனாகிவிட மாட்டான். இரண்டையும் ஒப்புக்கொண்டவனும் மூன்றாவதற்கு வந்தே தீர வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டின் தத்துவ வரலாறு இந்த மூன்று படிகளிலும் வெவ்வேறு இடங்களில் நின்றவர்களைக் கண்டிருக்கிறது. அவர்கள் நின்ற இடங்களை நாம் நிதானமாகச் சென்று பார்ப்போம்.

முதற்கூற்றில் எவருக்கும் விவகாரம் இல்லை. நம் சித்தாந்த ஆசிரியராகிய மெய்கண்டார் தம்முடைய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் ஆன்மா உண்டென்பதற்கு அடுக்கிச் சொல்லும் ஏதுக்களில், அதாவது காரணங்களில், முதலாவது மிக நுட்பமானது. உடம்பு நான் அன்று, பொறிகள் நான் அல்ல, உயிர்ப்பு நான் அன்று என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போய், முடிவில் ஒன்றும் இல்லை என்று சொல்லும் ஒருவன் இருக்கிறானே, அந்த இல்லை என்னும் அறிவையுடையது எதுவோ அதுவே உயிர் என்கிறார் அவர். பிரான்ஸ் தேசத்து டேக்கார்ட் என்னும் தத்துவ ஞானி 17ஆம் நூற்றாண்டில், எல்லாவற்றையும் ஐயுற்ற பின்னும் ஐயுறுகின்ற தன்னை ஐயுற முடியவில்லை என்று கண்டுகொண்டதற்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, மெய்கண்டாரின் திருவெண்ணெய்நல்லூரில் இவ்வுண்மை தமிழில் வரையப்பட்டுவிட்டது. ஆயினும், இந்த ஏது நிறுவுவது அறிகின்ற ஒன்று இருக்கிறது என்ற அளவே. அது எங்கிருந்து வந்தது என்பதைப்பற்றி இந்த இடத்தில் அது ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது கூற்றுக்கு வருவோமானால், நம்மை எதிர்த்து நிற்பவன் நேற்றுத் தோன்றியவன் அல்லன். இதே காவிரி நாட்டின் கடற்கரைப் பட்டினத்தில் பிறந்த கதைத் தலைவியைக் கொண்ட மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்துச் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்டுவரும் மணிமேகலை, கடைசியாகப் பூதவாதியைச் சந்திக்கிறாள். தாதகிப் பூவும் கருப்பங்கட்டியும் பிறவும் கூடியவிடத்து, அவற்றுள் ஒன்றிலும் தனித்து இல்லாத மதுவின் களிப்புப் பிறப்பதுபோல, பூதங்கள் கூடியவிடத்து உணர்வு பிறக்கிறது என்றும், அவை பிரியும்போது அதுவும் ஒழிகிறது என்றும், கண்ணாற் கண்டதற்குமேல் அனுமானமாகிய கருத்தளவையால் பெறும் எதையும் தான் கொள்வதில்லை என்றும் அவன் சொல்கிறான். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தால் எதிலும் இல்லாத செந்நிறம் தோன்றுகிறதே என்று ஜடவாதிகளாகிய உலகாயதர் கூறிவந்த மற்றோர் உவமையும் இவ்வகையினதே. சமணருடைய நீலகேசியும் பூதவாதத்திற்கென்றே ஒரு சருக்கத்தை ஒதுக்கி அதனோடு வாதிடுகிறது. பொருட்படுத்தத் தகாத ஒரு கொள்கைக்கு இத்தனை காப்பியங்கள் இவ்வளவு இடம் கொடுத்திரா. கூட்டத்தில் புதிய குணம் பிறக்கலாம் என்ற அந்த எண்ணம் அன்றும் வலிமையுடையதாக இருந்தது; இன்று அது பன்மடங்கு வலிமை பெற்றிருக்கிறது.

எவ்வாறெனில், அன்றைய பூதவாதி உவமையைக் காட்டினான். இன்றைய விஞ்ஞானி பரிசோதனையைக் காட்டுகிறான். 1846ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஈதர் ஆவியை முகரச் செய்து, நோயாளி வலியை அறியாதிருக்க, அறுவைச் சிகிச்சை செய்து காட்டியது முதல், ஒரு ரசாயனப் பொருளின் அளவைக் கூட்டியும் குறைத்தும் மனிதனுடைய உணர்வைத் தணிக்கவும் மீட்கவும் முடியும் என்பது நித்திய அனுபவமாகிவிட்டது. மூளையின் ஒரு பகுதி பழுதுற்றால் மொழி போகிறது. வேறொரு பகுதி பழுதுற்றால் புதிய நினைவு சேராமற் போகிறது. இன்னொரு பகுதி பழுதுற்றால், கண் நன்றாக இருந்தும் பழகிய முகங்களை அடையாளம் காண முடியாமற் போகிறது. உடம்பே உணர்வாயின் பிணத்துக்கும் உணர்வு இருக்க வேண்டுமே என்று நாம் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு இவற்றுக்கு முன்னே போதாது. உணர்வு உடம்பின் தொழிலேயன்றி உடம்பாகிய பொருள் அன்று என்றும், பிணத்தில் அத்தொழில் நின்றுவிட்டது என்றும் எதிரி எளிதில் விடை சொல்லிவிடுவான். ஆகவே, நம் பழைய மறுப்புக்களை மனனம் செய்துகொண்டு போய் அவனிடம் ஒப்பிப்பது, அவனையும் மதியாத செயல். அம்மறுப்புக்களைத் தம் காலத்து அறிவின் முழு வலிமையோடு சிந்தித்து எழுதிய நம் ஆசிரியர்களையும் மதியாத செயல்.

அவனுடைய பக்கத்திலும் நிரம்பாத இடம் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஜெர்மானியத் தத்துவ ஞானி லைப்னிட்ஸ் 1714ஆம் ஆண்டில் ஒரு கற்பனையை முன்வைத்தார். எண்ணவும் உணரவும் வல்ல ஓர் இயந்திரத்தை, ஓர் ஆலைக்குள் நுழைவதுபோல நாம் உள்ளே நுழைந்து பார்க்கும் அளவுக்குப் பெரிதாக்கினாலும், ஒன்றையொன்று தள்ளும் உறுப்புக்களை அங்கே காண்போமேயன்றி, உணர்வு என்ற ஒன்றை எங்கும் காண மாட்டோம் என்றார் அவர். டேவிட் சால்மர்ஸ் என்னும் தத்துவப் பேராசிரியர் 1990களில் இதே இடரைப் புதிய முறையில் எடுத்துரைத்தார். மூளை எப்படிப் பார்க்கிறது, எப்படி நினைவில் வைக்கிறது, எப்படிப் பேசுகிறது என்பவற்றையெல்லாம் விளக்கி முடித்த பின்னும், இவையெல்லாம் நிகழும்போது உள்ளே ஓர் அனுபவம் ஏன் இருக்கிறது, இருட்டாகவே நிகழ்ந்துபோகாதது ஏன் என்ற வினா எஞ்சி நிற்கிறது என்பது அவர் வாதம். மூளை ஆராய்ச்சியாளர் கிறிஸ்டோப் கோக், உணர்வுக்குரிய மூளை நிகழ்ச்சி 25 ஆண்டுகளுக்குள் தெளிவாகக் கண்டறியப்பட்டுவிடும் என்று 1998இல் சால்மர்ஸோடு பந்தயம் வைத்து, 2023ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த கூட்டத்தில் தாம் தோற்றதை ஒப்புக்கொண்டார். விஷயம் இன்னும் தீரவில்லை என்பதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டா.

ஆனால், தீராத வினாவைத் தீர்ந்த வினாவாகக் கொண்டு அதன்மேல் கோயில் எழுப்பலாமா? இன்றைய விஞ்ஞானம் உணர்வை விளக்கவில்லை என்பதனால் என்றைக்கும் விளக்காது என்பது பெறப்படாது. வாலஸ் என்னும் ஆங்கில இயற்கை நூலார், டார்வினோடு ஒரே காலத்தில் இயற்கைத் தேர்வுக் கொள்கையைக் கண்ட பெருமையுடையவர். மனிதனுடைய உயர்ந்த மன ஆற்றல்களுக்கு மட்டும் இயற்கைத் தேர்வு போதாது என்றும், அங்கே ஒரு மேலான அறிவு தலையிட்டிருக்க வேண்டும் என்றும் அவர் 1869இல் எழுதியபோது டார்வின் மிகவும் வருந்தினார். அந்த ஆற்றல்கள் எப்படி வளர்ந்தன என்பதைப்பற்றி அன்று அறியப்படாத பல செய்திகள் இன்று அறியப்பட்டிருக்கின்றன. அறிவின் எல்லைக்கோட்டில் இறைவனைக் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள், அக்கோடு நகரும்போதெல்லாம் அவனையும் பின்னே நகர்த்திக்கொண்டு போக நேரிடும். எல்லாவற்றினும் நிறைந்தவன் என்று நாம் வழிபடும் பொருளுக்கு அத்தகைய ஒடுங்கிய இருப்பிடத்தை நாமே அளிப்பது தகுமா என்று சிந்தியுங்கள்.

இனி, உங்கள் வாதத்தின் மூன்றாவது கூற்றே மிகவும் பலவீனமானது. உணர்வு ஜடத்தின் விளைவு அன்று என்றே வைத்துக்கொள்வோம். அதனால் படைப்பாளன் ஒருவன் பெறப்படுகிறானா? பூதவாதியைக் கேட்டுச் சிரித்த மணிமேகலை எந்தச் சமயத்தைத் தழுவினாள் என்பதை நினைத்துப் பாருங்கள். தன் பழம்பிறப்பைத் தான் அறிந்திருப்பதை அவள் அவனுக்குச் சொன்னாள். அது தெய்வ மயக்கமோ கனவோ என்று அவன் தள்ளியபோது, உன் தாய் தந்தையர் இன்னார் என்பதையே நீ கருத்தளவையால் அன்றி வேறெவ்வாறு அறிந்தாய் என்று கேட்டு அவனை மடக்கினாள். அவ்வளவு உறுதியாகப் பூதவாதத்தை மறுத்த அவள், உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதை ஏற்காத பௌத்த தர்மத்தையே சரணடைந்தாள். சமணரும் அப்படியே: உயிர் ஜடத்தின் வேறானது, என்றும் உள்ளது, அறிவே அதன் இயல்பு என்று கொண்ட அவர்கள், உலகுக்குக் கர்த்தா வேண்டியதில்லை என்று முடித்தார்கள். நிரீச்சுர சாங்கியரும் உயிராகிய புருடனைச் சைதன்யம், அதாவது உணர்வு, என்று கொண்டு ஈசுவரனை வேண்டாவென்று விட்டார்கள். ஜடவாதத்தை மறுத்தவுடனே கடவுளிடம் வந்து சேர்ந்துவிடுவோம் என்று நீங்கள் எண்ணும் அந்தக் குறுக்குச் சந்தில், இரண்டாயிரம் ஆண்டுகளாக இத்தனை பெரிய சிந்தனையாளர்கள் வேறு திசையிலே நடந்து போயிருக்கிறார்கள்.

அவர்கள் புறச்சமயத்தார் என்று நீங்கள் சொல்லக்கூடும். அப்படியானால் நம் சமயம் என்ன சொல்கிறது? இங்கேதான் உங்கள் வாதத்துக்கும் சித்தாந்தத்துக்கும் உள்ள தூரம் வெளிப்படுகிறது. இறைவனாகிய பதி, உயிராகிய பசு, தளையாகிய பாசம் என்னும் மூன்றும் அநாதி என்பது நம் சாத்திரத்தின் அடித்தளம். உயிர்களை இறைவன் படைக்கவில்லை. அவன் என்று உளனோ அன்றே அவையும் உள்ளன. மாயை என்னும் முதற்காரணத்திலிருந்து உடம்பையும் கருவிகளையும் உலகத்தையும் நுகர்பொருள்களையும், அதாவது தனு கரண புவன போகங்களைத் தோற்றுவித்து, ஆணவ இருளில் அழுந்திக் கிடக்கும் உயிர்களுக்கு அவற்றைக் கொடுத்து உதவுவதே அவன் செய்யும் சிருஷ்டி. எனவே, உணர்வுடைய உயிர் இருப்பதனால் அதைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்று வாதிக்கும் சித்தாந்த மாணவன், தான் நிறுவப் புகுந்த சமயத்தின் முதற்கொள்கையையே அறியாமல் மறுத்துவிடுகிறான். சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களையும் வரிசையாக எண்ணிப் பாருங்கள். உலகிற்குக் கர்த்தா உண்டு என்பதை மெய்கண்டார் முதற் சூத்திரத்திலேயே நிறுவுகிறார். ஆனால், அவன், அவள், அது என்று சுட்டி அறியப்படும் இந்த உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதனால் அது செய்யப்பட்ட பொருள் என்பதே அங்கு அவர் காட்டும் ஏது. உயிர் உண்டு என்பதை அதன்பின் மூன்றாம் சூத்திரத்தில் தனியே, வேறு ஏதுக்களைக் கொண்டு நிறுவுகிறார். ஒன்றுக்குரிய ஏதுவை மற்றொன்றுக்கு அவர் மாற்றிப் பயன்படுத்தவில்லை. திருவாவடுதுறையைச் சேர்ந்த சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய மாபாடியம் என்னும் உரையோடு சேர்த்துப் படிப்போர்க்கு, இந்தப் பகுப்பின் ஒழுங்கு இன்னும் நன்றாக விளங்கும்.

முதற் சூத்திரத்தின் ஏதுவை எல்லோரும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பகுதிகள் தோன்றி அழிவதனால் முழுமையும் தோன்றி அழியும் என்று கொள்ளலாமா என்பது நேர்மையான ஓர் ஆட்சேபம். அது தனியே பேசத்தக்கது. உணர்வைச் சிருஷ்டிக்குச் சான்றாக நம் ஆசிரியர்கள் கொள்ளாததற்கு ஆழ்ந்த காரணம் உண்டு என்பதே இங்கு நான் வற்புறுத்துவது. துன்பத்தைப்பற்றிய வினாவே அக்காரணம். தமிழிலே படைத்தவனைப்பற்றிய மிகப் பழைய பேச்சுக்களில் சில, அவனைக் குற்றம் சாட்டும் பேச்சுக்கள். பக்குடுக்கை நன்கணியார் என்னும் புலவர், புறநானூற்றின் 194ஆம் பாட்டில், ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கும்படி இவ்வுலகை அமைத்தவன் பண்பில்லாதவனே என்கிறார். பிச்சையெடுத்துத்தான் உயிர்வாழ வேண்டும் என்று ஒரு மனிதனுக்கு விதித்திருந்தால், உலகை இயற்றியவன் அலைந்து கெடட்டும் என்று வள்ளுவர் இரவச்சம் என்னும் அதிகாரத்தில் சபிக்கிறார். உணர்வை ஒருவன் புதிதாக ஆக்கினான் என்றால், வலியை உணரும் ஆற்றலையும் அவனே, வேண்டுமென்றே, இல்லாதிருந்த ஓரிடத்தில் உண்டாக்கினான் என்று ஆகும். நோயுற்ற குழந்தை ஒன்று இரவெல்லாம் வீறிட்டு அழும்போது அந்த அழுகைக்கு முதற்காரணம் யார் என்ற வினாவுக்கு, உணர்வைப் படைத்தவன் என்ற கொள்கையுடையோர் விடை சொல்லியாக வேண்டும். உயிரும் அதைப் பிணித்த ஆணவ மலமும் அநாதி, இறைவன் அதற்கு மருத்துவன் என்று கொண்ட நம் ஆசிரியர்கள், அந்த வினாவின் கடுமையை உணர்ந்தே அவ்வாறு கொண்டார்கள். அவர்களுடைய விடை முற்றும் நிறைவானதா என்று நீங்கள் ஐயுறலாம்; அவர்கள் வினாவைத் தட்டிக்கழித்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

யுக்தி முறையிலும் ஓர் இடர் உண்டு. உணர்வுக்கெல்லாம் உணர்வுடைய ஒரு கர்த்தா வேண்டும் என்பது பொதுவிதியானால், அந்தக் கர்த்தாவினுடைய உணர்வுக்கும் வேறொரு கர்த்தா வேண்டும்; அவனுக்கு மற்றொருவன் என்று முடிவின்றிச் செல்லும். இறைவனுடைய உணர்வு இயல்பாகவே உள்ளது, அதற்குக் கர்த்தா வேண்டா என்று அங்கே நிறுத்துவோமானால், கர்த்தா இன்றியே உணர்வு இருக்கக் கூடும் என்பதை நாமே ஒப்புக்கொண்டவராகிறோம். 1690இல் வெளியான தம் பெருநூலில், சிந்தனையற்ற ஜடத்திலிருந்து சிந்தனை பிறவாது, ஆகவே அநாதியான ஓர் அறிவுப்பொருள் உண்டு என்று வாதித்த ஆங்கிலேயராகிய ஜான் லாக்கும், அதே நூலின் வேறோரிடத்தில், கடவுள் விரும்பினால் ஜடத்துக்கே சிந்திக்கும் ஆற்றலைக் கொடுத்துவிடலாம் என்பதை நம்மால் மறுக்க முடியாது என்று எழுத நேர்ந்தது. கூர்ந்த மதியினரையும் இரு கூறாகப் பிரிக்கும் வாதம் இது.

இவ்வாதம் இன்றியே சைவத்தை அடைந்தவர் உண்டு என்பதைக் காட்ட, நம் தாராசுரத்துக் கோயிலைப்பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலின் அடித்தளத்தை ஒட்டி, நாயன்மார் வரலாறுகளைச் சாண் அளவுச் சிற்பங்களாகச் செதுக்கியிருப்பதை நீங்கள் சிறுவயது முதலே பார்த்துப் பழகியவர்கள். இம்மன்னனின் தந்தையாகிய இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் அவ்வரலாறுகளைப் பாடிய பெருங்காப்பியம், ஒரு தலைமுறைக்குள்ளே இங்கே கல்லாகிவிட்டது. அந்த அடியார் கூட்டத்தில், தர்க்கத்தின் வழியே சைவத்துக்கு வந்தவர் ஒருவர் உண்டு. சங்கமங்கையிலிருந்து காஞ்சிக்குச் சென்று பௌத்தராய் உண்மையைத் தேடிய சாக்கிய நாயனார் அவர். அவரை மாற்றிய வாதம் யாது? செய்யப்படும் வினை, செய்பவன், அதன் பயன், அப்பயனைக் கொடுப்பவன் என நான்கும் வேண்டும். அந்நான்காவதைத் தருவது சைவமே என்று கண்டார் என்கிறார் சேக்கிழார். உலகில் நீதி இருக்க வேண்டும் என்ற தாகத்திலிருந்து பிறந்த வாதம் அது. உணர்வு எவ்வாறு தோன்றியது என்ற ஆராய்ச்சி அதில் இடம்பெறவே இல்லை. கருத்து மாறிய பின்னும் அவர் தம் பௌத்த வேடத்தைக் களையவில்லை என்பதும் நாம் மறக்கத்தக்க செய்தி அன்று.

இன்னொருவரையும் நினைவூட்டுகிறேன். இங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன், தம் உள்ளத்தில் திடீரென்று ஒளிவிட்ட சூத்திரங்களை நாமக்கல் நாமகிரித் தாயார் அருளியவை என்று நம்பினார். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்ட பேராசிரியர் ஹார்டி கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ராமானுஜனுடைய அறிவு மற்ற பெருங்கணித அறிஞர்களுடைய அறிவைப் போன்றதே என்றும், அதில் தெய்வ ரகசியம் தேட வேண்டுவதில்லை என்றும் கருதியவர். மனித உணர்வின் மிக உன்னதமான நிகழ்ச்சி ஒன்றை இருவரும் அருகருகே இருந்து கண்டார்கள். ஒருவருக்கு அது தெய்வத்தின் கொடையாகவும் மற்றவருக்கு அறிவின் தொழிலாகவும் விளங்கியது. சமன்பாடுகளோ இருவருக்கும் ஒன்றே. உணர்வைப் பார்த்த அளவிலேயே அதன் பின்னால் இருப்பது தெரிந்துவிடுமானால், இவ்விருவரும் இப்படி வேறுபட்டிருக்க இயலாது.

அப்படியானால், உணர்வு நமக்கு ஒன்றையும் காட்டவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். காட்டுகிறது என்பதே என் துணிபு. மூன்றாம் சூத்திரத்தின் கடைசி ஏது, உணர்த்த உணர்வது உயிரின் இயல்பு என்பது. நம்முடைய அறிவு தானாக விளங்குவது அன்று. உறக்கத்தில் அது ஒடுங்குகிறது; விழித்தால் பொறிகளின் உதவியை நாடுகிறது; மொழியைப் பிறரிடமிருந்து பெறுகிறது; கற்றதை மறக்கிறது, நினைவூட்டினால் மீண்டும் அறிகிறது. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருந்தும் உயிர் உடன்நின்று காட்டினாலன்றி அது காணாததுபோல, உயிருக்கும் ஒன்று உடன்நின்று காட்டவும் காணவும் வேண்டியிருக்கிறது என்று பதினோராம் சூத்திரம் இதை மேலும் விரிக்கிறது. ஆகவே, சித்தாந்தி உணர்வைக் கொண்டு கேட்கும் வினா, இதை ஆக்கியவன் யார் என்பது அன்று. இதற்கு அறிவிப்பது எது என்பதே. பெற்றோரும் சமூகமும் மொழியும் உடம்பின் அமைப்புமே அறிவிக்கின்றன, அவற்றிற்கு மேலே ஒன்றும் வேண்டா என்று பகுத்தறிவாளர் சொல்வார். அவர்களும் தமக்கு அறிவிக்கப்பட்டே அறிந்தவர்கள் ஆதலின், அந்தத் தொடர் முதன்முதல் எங்கே நின்று தொடங்குகிறது என்று நான் கேட்பேன். அவர் தொடர்ந்து மறுக்கலாம். அவர் மறுப்பில் அறிவுக்கு முரணானது எதுவும் இல்லை. என் நம்பிக்கைக்கு இந்த வினா ஒரு நியாயத்தைத் தருகிறது. அவரைக் கட்டிப்போடும் நிரூபணத்தைத் தரவில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை ஒப்புக்கொள்வதனால் என் பக்தி அணுவளவும் குறையவில்லை.

ஆதலின், அன்பர்களே, உங்களிடம் எனக்குள்ள வேண்டுகோள்கள் இவை. உணர்வு உண்டு, ஆகவே கடவுள் உண்டு என்று ஒரே தாவலில் தாண்டுவதை விட்டுவிடுங்கள். நடுவில் எத்தனை படிகள் இருக்கின்றன என்பதை எண்ணி, எந்தப் படியில் எதிரி நிற்கிறானோ அந்தப் படியில் அவனைச் சந்தியுங்கள். அடுத்து, அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை எப்படி அமைத்தார் என்பதைப் பாருங்கள். தம் சமயத்தைச் சுபக்கத்தில் எடுத்துரைப்பதற்கு முன்னே, உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதத்தார்க்கும் பரபக்கத்தில் இடம் கொடுத்து, ஒவ்வொருவர் கொள்கையையும் அவர்கள் வாயிலிருந்தே வருவதுபோல எடுத்துக் கூறிய பிறகே மறுக்கப் புகுந்தார். 1313இல் உமாபதி சிவாசாரியார் இயற்றிய சங்கற்ப நிராகரணமும் மாற்றுக் கொள்கைகளை வரிசையாக வாதத்துக்கு அழைக்கிறது. நம்மில் பலர் சுபக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பரபக்கத்தைப் புரட்டாமலேயே விடுவதனால், எதிரியின் கொள்கையை அறியாமல் அவனை வென்றுவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சைப் பெருங்கோயிலைக் கட்டிய அதே சோழ மன்னன், படைப்புக் கடவுளை ஏற்காத பௌத்தர்களுடைய நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான் என்று செப்பேடு சொல்கிறது. அத்தகைய மண்ணில் பிறந்த நாம், கடவுள் மறுப்பாளர் ஒருவரை நம் வகுப்பின் திண்ணையில் உட்கார வைத்துப் பேசக் கேட்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

முடிவாக ஒன்று. உணர்வின் பிறப்பிடத்தைப்பற்றி நாம் எத்தனை விதமாக மாறுபட்டாலும், அடுத்தவனுக்கும் நம்மைப் போலவே உணர்வு இருக்கிறது என்பதில் மாறுபாடு இல்லை. பட்டுத் தறிக்குழியில் நாள் முழுவதும் கால் மிதித்து நெய்பவருக்கும், பங்குனி வெயிலில் உளுந்து பறிப்பவருக்கும் நோவும் பசியும் நாணமும் மகிழ்ச்சியும் நம்முடையவற்றுக்கு ஓர் இம்மியும் குறைந்தவை அல்ல. உயிர்கள் யாவும் அநாதி என்று கொண்ட சித்தாந்திக்கு, எந்த உயிரும் மற்றோர் உயிருக்குப் பிந்தியதோ கீழ்ப்பட்டதோ ஆகாது. உணர்வு இந்த ஒரு பிறவிக்கே உரியது என்று கொண்ட பகுத்தறிவாளருக்கு, அந்த ஒரு பிறவியின் துன்பம் ஈடு செய்ய முடியாதது. இரு வழியிலும் வந்து சேரும் கடமை ஒன்றே. அதைச் செய்வதற்குப் படைத்தவன் உண்டா இல்லையா என்ற வழக்கு முடிந்தாக வேண்டியதில்லை. அந்த வழக்கை நேர்மையாக நடத்துவதற்கோ, அக்கடமையைச் செய்துவரும் மனம் மிகவும் உதவும்.

வருகின்ற வகுப்பில் பரபக்கத்து உலகாயதப் பகுதியைத் தொடங்குவோம். ஒவ்வொருவரும், உங்களோடு இவ்விஷயத்தில் மாறுபடும் நண்பர் ஒருவரை உடன் அழைத்து வாருங்கள். உலகாயதன் பக்கத்தை அவர்களே எடுத்துப் பேசட்டும், நாம் முதலில் கேட்போம்.

இங்ஙனம்,
உங்கள் நலம் விழையும்
தாராசுரத்து அன்பன்